சிட்டு ஏன் கத்தவில்லை?

போன வாரம் நாம் பிரிந்தபோது, சிட்டு பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறைக்குள் இருந்தாள். பந்துகளும் பாய்களும் போட்டு வைக்கிற சிறிய அறை. உள்ளே குழந்தை இருப்பது தெரியாமல் யாரோ கதவை இழுத்துத் தாழ் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே ஆசிரியைகள் பேசிக்கொண்டு போவது உள்ளே நன்றாகக் கேட்கும். ஒரு குரல் கொடுத்தால் போதும், கதவு திறந்திருக்கும்.

சிட்டு குரல் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடமே தேடிக் களைத்துக் கடைசியில் அந்தக் கதவைத் திறந்தபோது, ஒரு பந்தை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் இருந்தது. வாயில் சத்தம் இல்லை.

"பயமா இருந்துச்சா கண்ணு?" என்று அம்மா கேட்டதற்குத் தலையை ஆட்டினாள்.

"அப்புறம் ஏன் யாரையும் கூப்பிடல?"

சிட்டு பந்தை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

ஐந்து வயதுக் குழந்தை. காது கேட்கிறது, தொண்டையில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வகுப்பில் அவள் குரலைக் கேட்டவர்கள் யாரும் கிடையாது. உதடு அசையும், பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் சேதி வரும். இன்றைக்கு ஒரு சாமான் அறை. நாளைக்குத் தெருவில், கூட்டத்தில், எங்காவது? அம்மா அன்றைக்கே ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் நாள் கேட்டு வாங்கிவிட்டாள்.

அந்த அம்மாவை வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் கணவன் கேலியாக வைத்த பேர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. சிட்டு பிறந்ததிலிருந்தே வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறாள். கூடத்து மூலையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், காதில் ஒரு ஹெட்போன். கட்சிக்காரர்களும் சீனியர்களும் சில நாள் நீதிபதியும்கூட அந்தத் திரையில்தான் வந்து போவார்கள்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. இனி வாரத்தில் நான்கு நாள் எல்லோரும் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று நிறுவனம் உத்தரவு போட்டுவிட்டது. வர முடியாதவர்கள் நேரில் வந்து காரணம் சொல்லலாம். சிட்டுவின் நிலைமையைத்தான் வக்கீலம்மா காரணமாக எழுதி அனுப்பியிருந்தாள். பேசவே தயங்குகிற குழந்தைக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டாமா?

இதில் இன்னொரு சங்கடம். அந்த நிறுவனத்தில் இந்த உத்தரவை நடத்தி வைக்கிற நிர்வாகி வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்தான். கணவனின் அக்கா. பேச்சு வார்த்தை நின்று நாளாயிற்று.

இரண்டு காரியமும் ஒரே நாளில் வந்து விழுந்தன. காலையில் பேச்சுப் பயிற்சியாளரிடம் சிட்டுவைக் காட்ட வேண்டும். மதியம் அலுவலகத்தில் ஆஜர்.

அந்த நாள் விடிந்தது.

காலையிலேயே ஒரு கட்சிக்காரர் திரையில் வந்துவிட்டார். வக்கீலம்மா மூலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். கணவன் குழாயை நூல் போலத் திறந்து பாத்திரம் கழுவினான். கழுவிய கரண்டியைத் துணி மேல் வைத்தான். சாயங்காலம்தான் அவனுக்கு மருந்துக்கடை. காலையில் வீட்டு வேலை அவன் பொறுப்பு. மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். டீ வேண்டுமா என்று அர்த்தம். அவள் கண்ணை மூடித் திறந்தாள். வேண்டும் என்று அர்த்தம். சிட்டு சாக்ஸ் காலோடு சுவரோரமாக நடந்து வந்து அப்பாவின் சட்டையை இழுத்து, தன் ரிப்பனைக் காட்டினாள். அவன் பின்னிவிட்டான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லா வேலையும் நடந்தது.

அமைதியான குடும்பம் என்று அந்தக் கட்டடத்தில் நல்ல பெயர். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், இந்த வீடு காலியாகக் கிடக்கிறது என்று நினைத்துத் தன் மைத்துனனுக்கு வாடகைக்குக் கேட்டாராம். அந்தக் கதையைக் கணவன் சொன்னபோது மூவரும் சிரித்தார்கள். சத்தமில்லாமல்தான்.

பேச்சுப் பயிற்சியாளர் இளம்பெண். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். அறை முழுக்கப் பொம்மைகள். அப்பாவையும் அம்மாவையும் குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்துவிட்டு, தான் சிட்டுவோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள். எடுத்த எடுப்பில் "பேசு" என்று சொல்லவில்லை. மரத்தால் செய்த ஒரு பொம்மை வீட்டை இழுத்து நடுவில் வைத்தாள்.

"இது உங்க வீடுன்னு வச்சுக்கலாம். எனக்குச் சுத்திக் காட்டறியா? நான் இதுவரைக்கும் வந்ததே இல்ல."

சிட்டுவுக்கு அந்த விளையாட்டு பிடித்துவிட்டது. ஒரு பொம்மையை எடுத்துக் கூடத்து மூலையில் உட்கார வைத்தாள்.

"இது யாரு?"

"அம்மா," என்றாள் சிட்டு. காற்று மட்டும்தான் வந்தது. பயிற்சியாளர் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

அப்பா பொம்மையைச் சமையலறையிலிருந்து நடத்தி வந்தாள். அதன் குதிகால் தரையில் படாமல், நுனிக்காலில் நடத்தினாள். குட்டி நாற்காலியில் இருந்த கணவனுக்குச் சிரிப்பு வந்தது. "என் நடை மாதிரியே இருக்கு" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தான்.

கடைசியாக ஒரு சின்னப் பொம்மை. அதைக் கொண்டுபோய்க் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இது?"

"நான்."

"குளிக்கறியா?"

"இல்ல. இருமல் வந்துச்சு."

"இருமல் வந்தா எதுக்கு பாத்ரூம்?"

இதுகூடத் தெரியாதா என்பது போலச் சிட்டு அவளைப் பார்த்தாள். "வெளிய இருமினா ஜட்ஜுக்குக் கேட்டுடும்."

வக்கீலம்மாவின் கை கணவனின் கையைத் தேடிப் பிடித்தது. அப்படி ஒரு நாளும் அவள் சொல்லிக் கொடுத்ததில்லை. குழந்தை குளியலறைக்குப் போய்ப் போய் வருவதைப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் குடித்தது அதிகமாகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

அப்போது பயிற்சியாளர் ஒரு காரியம் செய்தாள். பேச்சோடு பேச்சாக முழங்கையால் இடித்து, அடுக்கி வைத்திருந்த மரக்கட்டைகளைத் தடாலென்று சரித்துவிட்டாள்.

அப்பா, அம்மா, மகள் மூவரும் ஒரே நொடியில் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். மூன்று விரல்கள் மூன்று உதடுகளுக்குப் போயின.

"அட!" என்று பயிற்சியாளர் வாய்விட்டுச் சிரித்தாள். "மூணு பேரும் ஒரே மாதிரி. ரிகர்சல் பார்த்துட்டு வந்தீங்களா?"

யாரையும் குத்துகிற சிரிப்பு இல்லை அது. அதனால்தான் வக்கீலம்மாவால் அதைத் தாங்க முடிந்தது.

பயிற்சியாளர் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே சிட்டுவிடம் கேட்டாள். "அம்மா வேலை எப்ப முடியும்?"

"தூங்கினப்புறம்."

"அம்மா தூங்கினப்புறமா?"

"இல்ல. நான் தூங்கினப்புறம்."

"சரி. அன்னிக்கு ஸ்கூல்ல அந்தப் பந்து ரூமுக்குள்ள இருந்தியே, வெளிய ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"டீச்சரெல்லாம் பேசிட்டு இருந்தாங்க."

"நீ ஏன் கூப்பிடல?"

சிட்டு சின்னப் பொம்மையின் தலைமுடியைத் தடவினாள். பிறகு அத்தனை நாளாக யாருக்கும் சொல்லாத பதிலைச் சொன்னாள்.

"அவங்க மீட்டிங்ல இருந்தாங்க."

தெய்வம் சில நேரம் கோயிலை விட்டு இறங்கிப் பொம்மை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிறது. கேட்கிற காது இருந்தால் போதும்.

போகும்போது பயிற்சியாளர் வாசல் வரை வந்தாள். "குழந்தைக்கு ஒரு குறையும் இல்லைங்க. சத்தம் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அவளுக்குத் தெரியணும், அவ்வளவுதான். வீடு கொஞ்சம் சத்தமா இருக்கட்டும்."

"நான் பக்கத்துலயே இருந்தா அவளுக்கு நல்லதுதானே?" மதியம் அலுவலகத்தில் ஆஜராக வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கேட்ட வக்கீலம்மாவின் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"ரொம்ப நல்லது. ஆனா பக்கத்துல இருக்கறதும் வீட்டுக்குள்ள இருக்கறதும் ஒண்ணு இல்லையே." பயிற்சியாளர் தணிவாகச் சொன்னாள். "நான் பார்த்ததை எழுதித் தர ரெண்டு நாள் ஆகும். இன்னிக்கு ஆபீஸ்ல நீங்களே சொல்லிடுங்க."

தெருவில் வெயில் ஏறியிருந்தது. சிட்டு முன்னால், நடைபாதைக் கல்லின் கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனாள். அப்பாவும் அம்மாவும் பின்னால் நடந்தார்கள்.

"இப்ப மதியம் என்ன சொல்லப் போற?" என்று கணவன் கேட்டான்.

"தெரியலைங்க. குழந்தை பேசல, நான் வீட்டுல இருக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன். நான் வீட்டுல இருக்கறதாலதான் குழந்தை பேசலைன்னு இப்ப தெரியுது."

"அதையெல்லாம் அங்க ஏன் விளக்கிட்டு இருக்கணும்? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நீங்களா எதையும் எடுத்துக் கொடுக்காதீங்கன்னு உன் சாட்சிகளுக்கெல்லாம் நீதானே சொல்லிக் கொடுப்ப? குழந்தை பேசத் தயங்குதா, ஆமா. ஸ்கூல்ல சொன்னாங்களா, ஆமா. இதுல பொய் எங்க இருக்கு?"

"பொய் இல்ல. ஆனா..."

"பர்மிஷன் முதல்ல கைக்கு வரட்டும். வீட்டைச் சத்தமா வச்சுக்கறது நம்ம பாடு. நான் வேணா பாட்டுப் பாடறேன்."

"நீங்க பாடினா கட்சிக்காரங்க கேஸையே வாபஸ் வாங்கிடுவாங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அந்த 'ஆனா' அங்கேயே நின்றது. வேலையை விட்டாலும் பரவாயில்லை, எப்படியாவது சமாளிக்கலாம் என்று கணவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். ஆனால் வேலை அவளுக்கு உயிர். மருந்துக்கடை ஒன்றை நம்பிக் குடும்பம் ஓடாது என்பதும் இருவருக்கும் தெரியும். அனுமதி கிடைத்தால் வேலை நிலைக்கும். ஆனால் அந்த மூலையும் அந்த மேஜையும் அந்த விரலும் உதடும் அப்படியே இருக்கும். இருமல் வந்தால் குழந்தை எங்கே போகும்?

அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு, அட்டையைக் காட்டியதும் திறந்தது. உள்ளே யாருக்கும் இப்போது சொந்த இடம் இல்லை. வந்தவர் கிடைத்த மேஜையில் உட்கார வேண்டியதுதான். ஒரு மூத்த வழக்கறிஞர் சட்டப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸில் சீட் தேடுகிறவர் மாதிரி அலைந்துகொண்டிருந்தார்.

நாத்தனார் எங்கே இருக்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆள் தெரிவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். வெண்கலக் குரல். "அந்த பிரிண்டருக்கு நேத்தே ஆள் வரச் சொன்னேன்ல? என்ன, மாப்பிள்ளை ஊர்வலத்துல வராரா?"

வக்கீலம்மாவைக் கண்டதும் அந்தக் குரல் சட்டென்று தணிந்தது.

அந்தத் தணிவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஒருநாள் நாத்தனார் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் நுழையும்போதே பெரிய சிரிப்பும் பேச்சுமாக வந்தாள். அந்த நேரம் திரையில் நீதிபதி. "யாரம்மா அங்கே?" என்று அவர் கேட்டுவிட்டார். வக்கீலம்மா பதறி எழுந்து ஓடி, நாத்தனாரின் வாயின் மேல் கையை வைத்து, அப்படியே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள்தான். ஆனால் தம்பி வீட்டு வாசலில் வாயைப் பொத்தி அனுப்பப்பட்ட அக்கா, அதன் பிறகு அந்தப் படியேறவில்லை.

"நீ என் தம்பி பொண்டாட்டின்னு பெரியவர்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள் நாத்தனார் இப்போது. "உன் பக்கமும் பேச மாட்டேன், எதிராவும் பேச மாட்டேன். சொல்றதைக் குறிச்சுக்கறது மட்டும்தான் என் வேலை."

"சரிங்கண்ணி."

நாத்தனார் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "குழந்தை எப்படி இருக்கா?"

"உள்ள சொல்றேன் அண்ணி."

பெரியவர் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது நிறுவனத்தின் தலைவரை. உத்தரவு போட்டவர் அவர்தான். கடுமையாக இருப்பார் என்று நினைத்து வந்தவளை, அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"உக்காருங்கம்மா. இத்தனை வருஷமா திரையிலதான் பார்க்கறேன். நீங்க எழுதினதைப் படிச்சேன். ஒண்ணு சொல்லட்டுமா? உங்களுக்கு ஒரு குழந்தை இருக்குன்னே அதைப் படிச்சப்புறம்தான் எனக்குத் தெரியும்."

வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"மத்தவங்க வீட்டுல ஒரே அமளி. ஒருத்தர் வீட்டுல மிக்ஸி, ஒருத்தர் வீட்டுல நாய். உங்க பக்கம் மட்டும் ஊசி விழுந்தா கேக்கும். வீட்டுல இருந்து வேலைன்னா இப்படி இருக்கணும்னு நானே நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். உங்களுக்கு விலக்கு தரதுல எனக்கு எந்தத் தயக்கமும் இல்ல." பேனாவின் மூடியைத் திறந்தார். "நீங்க வேற ஏதாவது சேர்த்துச் சொல்லணுமா?"

நாத்தனார் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு 'இல்லை சார்' போதும். எழுந்து கைகூப்பிவிட்டு வந்துவிடலாம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ஆனால் அந்தப் பாராட்டு அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. குழந்தை இருப்பதே தெரியவில்லை. இதே வார்த்தையை இதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் பெருமையோடு வாங்கி வைத்துக்கொண்டிருப்பாள். இன்று அதைக் கையில் வாங்க முடியவில்லை.

மனசுக்குள் ஒரு நிமிஷம் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"இருக்கு சார். நான் எழுதின காரணம் இன்னிக்குக் காலைல மாறிப்போச்சு."

நாத்தனாரின் பேனா நின்றது.

எல்லாவற்றையும் சொன்னாள். பொம்மை வீடு, நுனிக்கால் நடை, குளியலறையில் இருமல், சாமான் அறைக்கு வெளியே ஆசிரியைகளின் 'மீட்டிங்'. வழக்கு வாதாடுகிற மாதிரிச் சொல்லவில்லை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்ததை மறைக்கவில்லை.

"நான் அவளை ஒரு நாளும் அதட்டினதில்ல சார். சத்தம் போடாதேன்னு சொன்னதுகூட அபூர்வம். அவளாவே பார்த்துக் கத்துக்கிட்டா. உங்களுக்கு எங்க வீட்டுல ஊசி விழற சத்தம் கேட்டுதுன்னா, அது அவ தன் சத்தத்தை விட்டுக் குடுத்த இடம்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"வீட்டுல யாருமே சத்தமாப் பேசறதில்லையா? சிரிக்கறதுகூட?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி.

"சிரிப்போம் சார். தோள் மட்டும் குலுங்கும்."

பெரியவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு அவர், "அப்ப நாலு நாள் இங்க வந்துடறீங்களா?" என்றார்.

"வரேன் சார். ஆனா ஒண்ணு கேக்கணும். சாயங்காலம் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டிட்டேன்னா, குழந்தை தூங்கற வரைக்கும் நான் வேலையில இல்ல. மீட்டிங் வேண்டாம், கட்சிக்காரங்க போன் வேண்டாம். இங்க வந்துட்டுப் போயும் அந்த மூலையில உக்காந்தேன்னா எதுவும் மாறாது."

பெரியவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நீங்க முதல்ல கேட்டது சின்ன விஷயம். ஒரு கையெழுத்து. இது பெரிசு. நம்ம தொழில்ல கட்சிக்காரங்க சாயங்காலம்தான் கூப்பிடுவாங்க. உங்க ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். அவங்க வீட்டுலயும் யாராவது நுனிக்கால்ல நடந்துட்டு இருக்கலாம்."

"முடியாதுன்னு சொன்னா?"

"வேற வேலை தேடுவேன் சார். வருத்தத்தோட."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "யோசிக்கணும். மத்த பங்குதாரர்கள்கிட்டயும் பேசணும். இன்னிக்கே சொல்லிடறேன்."

நடைவழியில் நாத்தனார் பின்னாலேயே வந்தாள். குறிப்பேட்டை மூடியிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னை வெளிய தள்ளின அன்னிக்கு, எம் மேல இருந்த வெறுப்புலதான் நீ தள்ளினதா நினைச்சுட்டு இருந்தேன்," என்றாள்.

"பயத்துல தள்ளினேன் அண்ணி. அந்தப் பயம்தான் வீடு பூரா உக்காந்துருச்சு." வக்கீலம்மா அவள் கையைப் பிடித்தாள். "இன்னிக்கு வாங்க அண்ணி. உங்க குரலோட வாங்க. எங்க வீட்டுக்கு அதுதான் வேணும்."

"வாயைப் பொத்தினவளே இப்ப வாயைத் திறக்கச் சொல்றியா? நல்ல குடும்பம்டி அம்மா!" என்றாள் நாத்தனார். அந்தக் குரலுக்குத் தூரத்து மேஜைகளிலிருந்து தலைகள் திரும்பின. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஆனால் காரியங்கள் நாம் நினைக்கிற மாதிரி நடப்பதில்லை. சாயங்காலம் மூன்றாம் மாடிப் படியேறும்வரை கணீரென்று பேசிக்கொண்டு வந்த நாத்தனார், அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் தன்னையறியாமல் நுனிக்காலில் நடந்தாள். "சிட்டு..." என்று கிசுகிசுத்தாள். சிட்டு கதவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கணவன் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, இருவரையும் மாறி மாறி ஆச்சரியத்தோடு பார்த்தபடி மருந்துக்கடைக்குக் கிளம்பினான்.

"சத்தமாவே பேசுங்க அண்ணி," என்றாள் வக்கீலம்மா.

"வர மாட்டேங்குதே," என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். "இந்தச் சுவரைப் பார்த்தாலே தொண்டை கட்டிக்குது."

டீ குடித்தார்கள். சிட்டு ஒரு படம் வரைந்து அத்தைக்குக் காட்டினாள். அத்தை அவளை மடியில் வைத்துக்கொண்டாள். பாசத்துக்குக் குறைவில்லை. சத்தம்தான் வரவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே நாத்தனார் எழுந்துகொண்டாள். "ஒரே நாள்ல எல்லாம் சரியாயிடுமா? மறுபடி வரேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வக்கீலம்மாவும் சிட்டுவும் ஜன்னலோரம் நின்று பார்த்தார்கள். அத்தை தெருவைக் கடந்து எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். கைப்பைக்குள் தலையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். தெருவின் வளைவில் பஸ் திரும்பியது. கையைக் காட்டாவிட்டால் அந்த நிறுத்தத்தில் நிற்காது.

சிட்டு அம்மாவின் கையை இழுத்தாள். "அம்மா, அத்தை பஸ்ஸைப் பாக்கல." காற்றுதான் வந்தது.

வக்கீலம்மா ஜன்னலை முழுக்கத் திறந்தாள். கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"நீ சொல்லேன்."

சிட்டு தெருவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "அத்தை மீட்டிங்ல இல்லல்ல?"

"இல்ல கண்ணு. அத்தை சும்மாதான் நிக்கறாங்க."

பஸ் நெருங்கியது. சிட்டுவின் மார்பு மேலேறியது. உதடு திறந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு,

"அத்தே!"

பழக்கமில்லாத குரல். பாதியில் கீச்சென்று உடைந்தது. ஆனால் மூன்று மாடி இறங்கித் தெருவைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. நாத்தனார் பையிலிருந்து தலையைத் தூக்கினாள். இங்கும் அங்கும் தேடி, மேலே பார்த்தாள். கண்டுகொண்டாள்.

பஸ் அவள் முன்னால் மெதுவாகி, அவள் கை காட்டாததால் போய்விட்டது.

"என்னடி சிட்டு?" என்று இப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது வெண்கலக் குரல்.

"பஸ்ஸு! பஸ் போவுது!"

"போகட்டும்டி! நீ இன்னொரு வாட்டி கூப்பிடு!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. புதிதாகக் குடிவந்தவர் எட்டிப் பார்த்து, "இங்க ஆள் இருக்காங்களா!" என்றார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வக்கீலம்மாவைக் குலுக்கிக்கொண்டிருந்தது.

மேஜை மேல் அவளுடைய போன் அடித்தது. பெரியவர்.

பழக்க தோஷம். கை ஜன்னலைச் சாத்தப் போனது. பாதியில் நின்றது. போனை எடுத்துக்கொண்டு அதே ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"சொல்லுங்க சார்."

"முடிவு பண்ணிட்டோம்மா. அதுக்குத்தான்..." பெரியவர் நிறுத்தினார். ஜன்னலில் சிட்டு தன் முழு பலத்தோடு அத்தையை மேலே வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அங்க யாரும்மா கத்தறது?"

"என் பொண்ணு சார்."

அந்தப் பக்கம் பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது, முன்னைவிட மெதுவாக.

"அவ முடிக்கட்டும். நான் லைன்ல இருக்கேன்."